விசிறிக்கு வைத்த ஸ்விட்ச்

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஜெனீனின் கை நின்றது. பின்புறத் தகரக் கொட்டகையில் விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

உச்சி வெயில். கூரைத் தகரம் சூட்டில் படக் படக்கென்று நெளிந்துகொண்டிருந்தது, மாமரத்து வௌவால்கள்கூடச் சண்டையை விட்டுவிட்டுத் தலைகீழாகச் சும்மா தொங்கின, இதோ வருகிறேன் வருகிறேன் என்று ஒரு வாரமாக ஏமாற்றிக்கொண்டிருந்த மழையின் புழுக்கம் கழுத்திலும் முதுகிலும் பிசுபிசுத்தது. அந்தச் சத்தங்களுக்கெல்லாம் அடியில், வாயைத் திறக்காமல் யாரோ பாட்டு முனகுவதுபோல ஒரு ரீங்காரம்.

எஞ்சினைக் குளிர வைக்கிற மின்சார விசிறி என்றால் வண்டியை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சுற்றும், சூடு இறங்கியதும் தானாக நிற்கும் என்று அவள் புருஷன் லயல் சொல்லியிருந்தான். சரிதான். ஆனால் பின்னால் சரக்குத் தட்டு வைத்த யூட் வண்டியை நேற்றுச் சாயங்காலத்துக்குப் பிறகு யாரும் எடுக்கவில்லையே! சாவி இதோ சமையலறை ஆணியில் தொங்குகிறது. லயல், பக்கத்துப் பண்ணையில் வேலி கட்டுவதற்காகச் சிநேகிதன் வண்டியில் காலையிலேயே போய்விட்டான்.

கையைத் துடைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். வாசலை மிதித்ததும் சத்தம் நின்றது. எஞ்சின் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அந்த வேக்காட்டிலும் தகரம் சில்லென்று இருந்தது. முன்பக்கக் கம்பிகளுக்குள்ளிருந்து ஒரு வாசனை வந்தது. பச்சை ஆப்பிள் ஷாம்பு.

அது கோரல் போடுகிற ஷாம்பு. 'போட்ட' என்று மனதுக்குள் திருத்திக்கொண்டாள். கோரல் செத்து ஆறு வருஷம் ஆகிறது.

கோரல் லயலின் முதல் மனைவி. ஒரு காலத்தில் அவளும் ஜெனீனும் நெடுஞ்சாலைப் பெட்ரோல் நிலையத்தில் ஒரே மேசைக்குப் பின்னால் நின்று தேநீரும் இறைச்சி அடைத்த ரொட்டியும் விற்றவர்கள். கோரலுக்கு இடுப்புக்குக் கீழே இறங்கும் செம்பட்டை முடி. செம்பட்டை முடிக்காரர்களை ப்ளூ என்று கூப்பிடுவது குயின்ஸ்லாந்தின் இந்த வடகோடியில் வழக்கம், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. லாரிக்காரர்கள் உள்ளே வரும்போதே "ப்ளூ எங்கே?" என்றுதான் வருவார்கள். எதிரில் ஜெனீன் என்று ஒருத்தி நிற்பது அவர்கள் கண்ணில் படாது. ஒரு மழைக்காலத்தில் ஓடைத் துறையைக் கடக்கும்போது கோரல் வெள்ளத்தில் போனாள். இரண்டு வருஷம் கழித்து லயல் ஜெனீனைக் கட்டிக்கொண்டான். ஊரே வாழ்த்தியது, ஜெனீனும் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தாள்.

எங்கே ஜெயித்தாள்? உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் தெருவில் நிறுத்திக் கேட்கலாம், முடியைப் பிடித்து நாலு இழு இழுக்கலாம். செத்தவளை என்ன செய்வது? அவளுக்கு வயது ஏறாது, இடுப்பு பெருக்காது, உப்புக் கூடிப்போன குழம்பும் வைக்கமாட்டாள். லயல் சாப்பிடும்போது முள்கரண்டியை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தால் போதும், ஜெனீனின் வயிறு பற்றி எரியும்.

இந்த விசிறி விவகாரம் மட்டும் முதலில் அவளுக்குச் சாதாரணமாகத்தான் பட்டது. எஞ்சினோடு சேர்ந்தே சுற்றுகிற பழைய விசிறி, போன மழையில் ஓடைத் தண்ணீருக்குள் முங்கியதும் இதழ்கள் முன்னால் வளைந்து ரேடியேட்டரைக் குதறிவிட்டது. இங்கே பலரும் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். உடைசல் யார்டில் ஏதாவது ஒரு காரின் மின்சார விசிறியை வாங்கி மாட்டி, ஓட்டுகிறவன் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு ஸ்விட்ச் வைத்துவிடுவார்கள். தண்ணீரில் இறங்குவதற்கு முன் அணை, அக்கரை ஏறியதும் போடு. அவ்வளவுதான் வேலை.

லயல் அதை மாட்டிய விதம்தான் அவளை உறுத்தியது. தின்ற தட்டை அலசத் தெரியாத மனுஷன், படியில் உட்கார்ந்துகொண்டு விசிறியின் இதழ்களை ஒவ்வொன்றாகக் கழுவினான்.

"அது என் பல்லு தேய்க்கிற பிரஷ், லயல்."

"இண்டு இடுக்குல சேறு இருந்தா ஆட்டம் குடுக்கும் ஜென். வேற வாங்கித் தர்றேன்."

"எந்த வண்டியோடது?"

"ஏதோ ஒண்ணு. டஸ்டி யார்டுல இல்லாததா?"

மாட்டி முடித்ததும் பழைய செய்தித்தாளில் ஒரு பக்கத்தைக் கிழித்து வண்டியின் முன்கம்பியில் வைத்துக் காட்டினான். தாள் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. "பாத்தியா, முன்னால இருந்து காத்தை இழுக்குது. வயரை மாத்திக் குடுத்துட்டா எதிர்ப்பக்கம் சுத்தும். எஞ்சின் பக்கம் நிக்கிறவனைப் பிடிச்சு இழுக்கும்," என்று சிரித்தான். அன்றைக்கு அவன் பாடினான். நாலு வருஷத்தில் ஜெனீன் அவன் பாடிக் கேட்டதே இல்லை.

இப்போது அந்த ஆப்பிள் வாசனையை மூக்கில் சுமந்துகொண்டு, தன்னுடைய சின்னக் காரை எடுத்துக்கொண்டு நேரே உடைசல் கார் விற்கிற டஸ்டியின் யார்டுக்குப் போனாள்.

டஸ்டி, துருப்பிடித்த கார்களுக்கு நடுவே ஒரு கார் இருக்கையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். லயல் வாங்கிய விசிறி எது என்று அவள் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"கேக்காம இருக்கறது உனக்கு நல்லது, கண்ணு."

"எது டஸ்டி?"

வேலியோரத்தைக் காட்டினார். மூக்கறுத்த மாதிரி முன்பக்கம் காலியாக ஒரு வெள்ளைக் கார். கண்ணாடிக்கு உள்ளே கூரைவரை சேற்றுக் கறை.

"எட்டு விசிறி எடுத்துக் காட்டினேன், எல்லாம் இதைவிட நல்லது. இதுதான் வேணும்னு நின்னான்." தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "கோரலை வெள்ளம் அடிச்சிட்டுப் போச்சுன்னுதான் ஊருக்குச் சொன்னோம். அப்படி இல்ல. வண்டி தண்ணிக்குள்ள நின்னுபோச்சு. இவ இறங்கி மூடியைத் தொறந்து குனிஞ்சிருக்கா. ஈரம் ஏறி எங்கயோ வயர் சேந்திருக்கு, அணைச்ச வண்டியில விசிறி தானா எடுத்துருச்சு. முடி சுத்திக்கிச்சு. தலையை எடுக்க முடியல. அப்புறம்தான் தண்ணி ஏறியிருக்கு."

ஜெனீன் அந்தக் காரின் காலியான முன்பக்கத்தையே பார்த்தாள்.

"கத்தியால அறுத்துத்தான் அவளை வெளிய எடுத்தோம். முடி விசிறியிலயே கிடந்துச்சு. போன மாசம் லயல் இங்க வந்து உக்காந்து அதை விரலாலயே சிக்கெடுத்தான். ஒரு இழையைக்கூட அறுக்கல. என்னால பாக்க முடியலம்மா, உள்ள போயிட்டேன்."

பாவம் கோரல் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. என் தலையை இவன் ஒரு நாளாவது வாரிவிட்டிருக்கிறானா என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள்.

அவள் திரும்பி வந்தபோது லயல் வீட்டில் இருந்தான். சட்டையைக்கூடக் கழற்றவிடாமல் பிடித்துக்கொண்டாள்.

"அந்தச் சனியனைக் கழட்டு."

அவனுக்குப் புரிந்துவிட்டது. மேசைமுன் உட்கார்ந்து விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அவ காருல ஒரு ஸ்விட்ச் இருந்திருக்கணும் ஜென். ஒரே ஒரு ஸ்விட்ச். தண்ணியில இறங்கும்போதே கையை நீட்டி அணைச்சிருப்பா. இப்ப வெச்சிட்டேன். இப்பதான் எனக்குத் தூக்கம் வருது."

"எனக்குன்னு எதுக்காவது ஒரு ஸ்விட்ச் வெச்சிருக்கியாடா நீ?"

என்ன கேள்வி இது என்று கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்தது. அவன் எழுந்து போய்ப் படுத்துவிட்டான்.

அவனுடைய குறட்டை கேட்டதும் அவள் கொட்டகைக்குப் போனாள். மூடியைத் தூக்கி நிறுத்தினாள். கருப்பு வயரைக் கட்டிங் பிளேயரால் வெட்டினாள். சிவப்பு வயரையும் வெட்டினாள். போதாதென்று ஃபியூஸைப் பிடுங்கி சமையல் மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். விசிறி அசையாமல் இருந்தது. "போ, போய்ச் சேரு," என்று சொல்லிவிட்டு வந்து, அவனுக்குப் பிடித்த உப்பு இறைச்சியை அடுப்பில் ஏற்றினாள். தலைக்குக் குளித்தாள். கூந்தலை ஒற்றை ஊக்கில் லேசாகச் செருகிக்கொண்டாள். மேசையில் இரண்டு தட்டு, இரண்டு கண்ணாடித் தம்ளர், நடுவில் கல்யாணத்துக்கு வந்த விளக்கு.

பொழுது சாயும்போது மழை இறங்கியது. ஒரு வாரக் கடனையும் சேர்த்துக் கொட்டியது. ஓடைப் பக்கமிருந்து தண்ணீரின் இரைச்சல் வந்தது. அவள் படுக்கையறையில் எட்டிப் பார்த்தாள். கட்டில் காலியாக இருந்தது.

மழைச் சத்தத்துக்கு அடியில், அந்த ரீங்காரம்.

வயரை வெட்டியாயிற்று. ஃபியூஸ் பையில் இருக்கிறது. தொட்டுப் பார்த்தாள். இருந்தது.

தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு முற்றத்தைக் கடந்தாள். கொட்டகைக்குள் விளக்கு இல்லை. வண்டியின் மூடி திறந்திருந்தது. லயல் எஞ்சினுக்குள் குனிந்திருந்தான். இடுப்புக்குக் கீழேதான் தெரிந்தது.

"லயல், சாப்பாடு ஆறுது."

"இரு ப்ளூ," என்றான் அவன். குரலில் அவ்வளவு கனிவு. "இன்னும் கொஞ்சந்தான். வலிக்காம எடுத்துடறேன்."

அது ஜெனீனுக்குச் சொன்னதில்லை.

காலடியில் ஈரம். கூரை ஒழுகவில்லை. தண்ணீர் எஞ்சினுக்குள்ளிருந்து வழிந்தது. பழுப்பாக. சேறும் ஆப்பிளும் கலந்து நாறியது.

கிட்டே போனாள். வெட்டிய வயர்கள் இரண்டும் செம்பு நாக்கை நீட்டிக்கொண்டு தொங்கின. விசிறி சுற்றியது. மெதுவாக. எதிர்ப்பக்கமாக. அதன் நடுவிலிருந்து செம்பட்டை முடி வந்தது. ஈரமாக, நீளமாக. அவன் மணிக்கட்டில் ஒரு சுற்று. கழுத்தில் இரண்டு சுற்று. கன்னம் விசிறியோடு ஒட்டியிருந்தது. கண் மூடியிருந்தது.

சிரித்துக்கொண்டிருந்தான்.

ஓடியிருக்கலாம். பிளேயர் பலகைமேல்தான் கிடந்தது, அதை எடுத்திருக்கலாம். ஆனால் அந்தச் சிரிப்பு! நாலு வருஷம் இவள் சமைத்தும் துவைத்தும் கொஞ்சியும் கெஞ்சியும் ஒரு நாள் பார்க்காத சிரிப்பு. பயமெல்லாம் எங்கோ போய்விட்டது.

"விடுடி அவனை! என் புருஷன்டி!"

இருவருக்கும் நடுவில் தலையை நுழைத்தாள். செம்பட்டை முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். இழுத்ததும் வந்துவிட்டது. அவ்வளவு சுலபமாக. அவன் கழுத்திலிருந்து நழுவி, மணிக்கட்டிலிருந்து நழுவி.

அவளுடைய ஊக்கு கழன்று கீழே எங்கோ விழுந்தது.

கூந்தல் தோளைத் தாண்டி முன்னால் சரிந்தது. சரிந்தது கீழே விழவில்லை. விசிறியை நோக்கி நீண்டது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. நெற்றி கம்பியில் போய் முட்டியது.

"லயல்! ஸ்விட்ச்!"

அவன் நிமிர்ந்தான். சட்டையைச் சரி செய்துகொண்டான். ஓட்டுகிறவன் பக்கக் கதவைத் தாண்டி நடந்தான். கதவு திறந்துதான் இருந்தது. கையை உள்ளே நீட்டினால் போதும்.

"லயல்!"

அவன் திரும்பவில்லை. அவனுக்குப் பக்கத்தில், சேற்றில், வெறுங்கால்கள் நடக்கும் சத்தம்.

தலையை அசைக்க முடியவில்லை. ஒரு கண்ணுக்கு மட்டும், மூடிக்குக் கீழே, மழைக்கு அப்பால், சமையலறை ஜன்னல் தெரிந்தது. மஞ்சள் வெளிச்சம். லயல் நாற்காலியை இழுத்துப் போட்டான். ஜெனீனின் நாற்காலி. இடுப்புக்குக் கீழே இறங்கிய, தண்ணீர் சொட்டும் செம்பட்டை முடியை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு கோரல் உட்கார்ந்தாள். அவன் விளக்கைத் தூண்டினான். இறைச்சியை அறுத்து அவள் தட்டில் வைத்தான். பாடினான்.

ஜெனீன் கையைப் பின்னால் நீட்டித் துழாவினாள். எட்டவில்லை. ஓடைத் தண்ணீர் கொட்டகை வாசலைத் தாண்டி உள்ளே வந்து, அவள் கணுக்காலைத் தொட்டது.