வேகக்கை

"வேகமா, துல்லியமா? ஒண்ணச் சொல்லு" என்று பதிவு மையத்தில் ஒரு பெண் என்னைக் கேட்டாள். எனக்கு அப்போது பதினாறு வயது. பள்ளியை விட்டு நின்றிருந்தேன். பின்னால் வரிசை நீண்டிருந்ததால் வேகம் என்றேன்.

அன்றே என் மணிக்கட்டில் பதிவளையை மாட்டினார்கள். பயிற்சியிலும் பிறகு வேலையிலும் கை தயங்கினால் அது சுரீரென்று கடிக்கும். துல்லியம் கேட்டவர்களுக்குக் கை பிசகினால் கடிக்கும். இரண்டையும் ஒருவருக்கே பழக்க வருடக்கணக்கில் ஆகும். வளை ஒரே மாதத்தில் ஒன்றைப் பதித்துவிடும். அதனால் எங்கள் கடலடிக் குடியிருப்பில் எந்த வேலைக்கும் இரண்டு பேர். தேவைக்கு மேல் ஒருவரும் இங்கே மூச்சு விட முடியாது. மிஞ்சியவரைக் குடும்பத்தோடு மேலே, கொதிக்கும் கரைக்கு அனுப்பிவிடுவார்கள்.

என் ஜோடி சூசை அண்ணாச்சி. சுவர் கசிந்தால் நான் பாய்ந்து பசையை அப்புவேன். அவர் மெதுவாக வந்து மயிரிழை விலகாமல் அடைப்பு மூடியைப் பொருத்துவார்.

"என்னட்டி இது, பசையா தோசையா?" என்பார்.

"நீங்க முடிக்கதுக்குள்ள எனக்குப் பேரப்பிள்ளையே பிறந்துரும்" என்பேன்.

அவருடைய மகள் பெனிட்டாவுக்கு நுரையீரலில் கோளாறு. கரைப் புழுதியில் அவள் பிழைக்கமாட்டாள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

அண்ணாச்சிக்குத் தெரியாத ஒன்று உண்டு. வேலை முடிந்ததும் என் அறையில் வளையைக் கழற்றிவிட்டு, ஒரு பழைய மூடியை வைத்துத் தனியாகப் பழகிக்கொண்டிருந்தேன். மெதுவாக, பிறகு வேகமாக, மறுபடி மெதுவாக. நிறையத் தப்புச் செய்தேன். கடிக்க எதுவும் இல்லாததால், எங்கே தப்பு என்று பார்க்க முடிந்தது. தப்பு குறைந்தது, வேகம் குறையவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஒருவர் மிச்சமாவார்.

அன்று காற்று அறையின் சுவர் விரிசல் விட்டது. நான் அப்பிய பசையைத் தண்ணீர் பிய்த்துக்கொண்டு போனது. மோட்டார் நனைந்தால் ஊருக்கே காற்று நின்றுவிடும். அண்ணாச்சி மூடியோடு போராடினார். அவசரப்பட்டால் கை பிசகும், பிசகியதும் வளை கடிக்கும், விரல்கள் மரத்துப்போகும்.

"வேகமா, அண்ணாச்சி!"

"வேகம் என் கையில இல்லட்டி!"

தண்ணீர் முழங்காலைத் தாண்டியது. நிர்வாகத்தின் கேமரா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் சும்மா நின்றால் பெனிட்டாவுக்கு இன்றைக்கே மூச்சு இருக்காது. கை வைத்தால், நாளைக்கு.

வளையைக் கழற்றி எறிந்தேன். அவரிடமிருந்து மூடியைப் பிடுங்கி ஒரே வீச்சில் வைத்துத் திருகினேன். தண்ணீர் நின்றது.

"இதை எப்பட்டி பழகுன?"

நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள் சுவர்த்திரை ஒளிர்ந்தது: 'பழுது நீங்கியது. இப்பணிக்கு இனித் தேவை: ஒருவர்.'

அண்ணாச்சி அதை நிதானமாகப் படித்தார்.

"நான் கரைக்குப் போறேன் அண்ணாச்சி. நீங்க இருங்க."

அவரால் தனியாக முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவர் மூடியின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார். பிசகு இல்லை. தன் கருவிப் பையை என் தோளில் மாட்டிவிட்டு, தண்ணீரை விலக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனார்.