அம்மாவுக்கு ஒரு மூக்கு

எதைக் கையில் கொடுத்தாலும் நான் முதலில் முகர்ந்துதான் பார்ப்பேன். புதுப் புத்தகம், மழைக்கோட்டு, தட்டில் போட்ட சாப்பாடு, எதுவும் தப்பாது. "நீ என்ன நாய்க்குட்டியா?" என்று அப்பா தினமும் கேட்பார். எனக்கும் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது.

என் அம்மா செடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்பவர். அதிலும் ஆர்க்கிட் என்றால் அவருக்கு உயிர். எங்கள் வீட்டுச் சுவரில் என் படம் ஒன்று இருக்கிறது, ஆர்க்கிட் படங்கள் பதினேழு இருக்கின்றன. எனக்கு அதில் கோபமே இல்லை. சரி, கொஞ்சம் உண்டு.

ஆறு வருடங்களுக்கு முன்னால், காட்டில் விழுந்து கிடந்த ஒரு மரத்தில் அம்மா ஒரு சின்ன ஆர்க்கிட் செடியைக் கண்டெடுத்தார். அலுவலகத் தோட்டத்தின் கண்ணாடிக் கூடத்தில் வைத்து வளர்த்தார். அது இலை விட்டது, வேர் விட்டது, பூ மட்டும் விடவில்லை. அம்மாவும் விடவில்லை.

போன வாரம் ஒரு விடுமுறை நாளில் அது பூத்துவிட்டது. தோட்டக்கார மாமா காலையிலேயே போன் செய்தார். அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினார்.

பூ என் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருந்தது. மஞ்சள் நிறம், நடுவில் பழுப்புப் புள்ளிகள். அம்மா லென்ஸ் வைத்துப் பார்த்தார், அளந்தார், வரைந்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு எனக்கு விஷயத்தைச் சொன்னார். அச்சு அசலாக இதே மாதிரி இன்னொரு ஆர்க்கிட் இருக்கிறதாம். எல்லோருக்கும் தெரிந்த பழைய பூ. அதற்கு வாசனை கிடையாது. இதற்கு வாசனை இருந்தால் இது யாருமே பார்க்காத புதுப் பூ. இல்லாவிட்டால் ஆறு வருடம் காத்திருந்தது பழைய பூவுக்காகத்தான். நாளைக்குள் பூ வாடிவிடும். காயவைத்துப் பத்திரப்படுத்தினாலும் வாசனை போய்விடும்.

"அப்போ மோந்து பாரும்மா. இது ஒரு வேலையா?" என்றேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு மாசம் முன்னாடி காய்ச்சல் வந்துச்சே, அதிலிருந்து எனக்கு எந்த வாசனையும் தெரியல. உன் தலை வாசனைகூடத் தெரியலடி."

போன மாதம் அடுப்பில் பால் தீய்ந்தபோது அம்மா எதுவும் தெரியாமல் பக்கத்திலேயே நின்றது எனக்கு ஞாபகம் வந்தது.

தோட்டக்கார மாமா காலையிலேயே முகர்ந்துவிட்டு வாசனை இல்லை என்று சொல்லியிருந்தார். ஆனால் மாமா மணிக்கொரு தரம் மூக்குப்பொடி போடுகிறவர். அவர் மூக்குக்கு இந்த உலகமே பொடி வாசனைதான்.

நான் பூவிடம் குனிந்தேன். இழுத்து முகர்ந்தேன். ஒன்றும் இல்லை. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 'இருக்கு' என்று ஒரே ஒரு பொய் சொன்னால் போதும், அம்மா சிரித்துவிடுவார். அது நாக்கு நுனி வரை வந்தது. முழுங்கிவிட்டேன்.

"இல்லம்மா."

அம்மா தலையை ஆட்டினார். நான் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பூவுக்கு எதிரே உட்கார்ந்தேன். சில பூக்கள் தங்களைத் தேடிப் பூச்சி வரும் நேரத்தில் மட்டும்தான் மணக்கும் என்று ஒருநாள் அம்மாவே சொல்லியிருந்தார். அரைமணிக்கு ஒரு முறை முகர்ந்தேன், நோட்டில் எழுதினேன். பதினொன்று, இல்லை. பதினொன்றரை, இல்லை. மதியச் சாப்பாடும் அங்கேயேதான். மூன்றரைக்குப் பூவைவிட நான்தான் அதிகம் வாடியிருந்தேன்.

நான்கு மணிக்குப் பென்சில் சீவல் வாசனை வந்தது. என் பென்சில் டப்பாவைப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. மறுபடி முகர்ந்தேன். புதிதாகச் சீவிய பென்சில், அதில் ஒரு சொட்டுத் தேன்.

"அம்மா, வருது."

அம்மா துள்ளிக் குதிக்கவில்லை. என் பக்கத்தில் மண்டியிட்டு, "கண்ணு, எனக்காகச் சொல்றியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

கொஞ்சம் வலித்தது. ஆனால் நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"என் கண்ணைக் கட்டிட்டு சோதிச்சுப் பாருங்க" என்றேன்.

மாமா தன் துண்டால் கட்டினார். அதிலிருந்த பொடிக்கு மூன்று தும்மல் போட்டேன். பிறகு அம்மாவின் துப்பட்டாவால் கட்டினார்கள். மாமா ஐந்து தொட்டிகளை ஒவ்வொன்றாக என் மூக்கருகே கொண்டுவந்தார். மூன்றாவது என்றேன். சரி. இடத்தை மாற்றினார். முதலாவது என்றேன். அதுவும் சரி. அடுத்த முறை ஐந்தையும் முகர்ந்தேன், எனக்குக் குழப்பமாக இருந்தது.

"இதுல அது இல்லையே, மாமா."

மாமா அந்தத் தொட்டியைத் தன் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாராம். அவர் மூக்கின் மேல் விரலை வைத்தபடி நின்றார்.

அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, என் தலைமுடியில் முகம் புதைத்து ஆழமாக மூச்சை இழுத்தார்.

"தெரியுதாம்மா?"

"இன்னும் இல்ல. வரும்."

பிறகு அம்மா பேனாவை எடுத்துத் தன் குறிப்பேட்டில் எழுதினார்: 'மணம் உண்டு. மாலை நான்கு மணி முதல். சீவிய பென்சில், சிறிது தேன். முகர்ந்தவர்: என் மகள், வயது பத்து.'

அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டு வந்ததும் வழக்கம்போல் குனிந்து முகர்ந்தேன். அப்பா வாயைத் திறந்தார்.

"அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. அது ஆபீஸ் மூக்கு" என்ற அம்மா, தன் தட்டையும் என் பக்கம் நகர்த்தினார். "இது எப்படி இருக்குன்னு சொல்லு."