அந்தாண்ட நிற்கும் வண்டி

ரோட்டுக்குக் குறுக்கே வெட்டித் தள்ளிய புளியமரம் நாலு நாளாகக் கிடக்கிறதாம். ஆனால் ஓர் இலைகூட வாடவில்லை. கொளஞ்சியம்மாள் அதைக் கவனித்தாள், பிறகு மறந்தாள். மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமா இது? தோளில் கிடந்த ரெண்டு வயசு ராதிகாவுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. காலையிலிருந்து இரண்டு முறை வலிப்பு வந்துவிட்டது. கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடச் சொல்லி உளுந்தூர்பேட்டை டாக்டர் சீட்டு எழுதியிருந்தார். இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த அந்த வாரத்தில் இந்தப் பக்கம் வரத் துணிந்தது ஒரே ஒரு பஸ். அதில் கண்டக்டர் அவளுடைய தம்பி செல்லமுத்து.

"அக்கா, மரத்தத் தாண்டிப் போய்க்கினே இரு. அந்தாண்ட வேற வண்டி நிக்குது. இதே டிக்கெட்டு செல்லும்."

"நெஜமாவாடா? புள்ளைய வெச்சுக்கினு நடுரோட்ல நிக்க முடியாது."

அவள் முகத்தைப் பார்க்காமல் அவன் குழந்தையின் உச்சந்தலையில் கை வைத்தான். "பாப்பா மேல சத்தியம். எங்கண்ணால பாத்தேன்."

அதற்கு மேல் என்ன கேட்பது? பிள்ளை தலையில் கை வைத்துப் பொய் சொன்னால் அந்தப் பிள்ளைக்குத்தான் ஆகாது. அவனுக்குத் தெரியாததா. தாயில்லாத அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவளே இவள்தான்.

கிளைகளைப் பிடித்து ஏறி மறுபக்கம் இறங்கினாள். முதுகுக்குப் பின்னால் பஸ் ரிவர்ஸ் எடுத்துத் திரும்புகிற சத்தம் கேட்டது, அதுவும் தேய்ந்து நின்றது. பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த ரோட்டில் ஒரு சைக்கிள் இல்லை, காக்கா இல்லை, கரும்புக் கொல்லையில் ஒரு தோகை அசையவில்லை, இளகிய தாரின் நாற்றமும் வெட்டுப்பட்ட பச்சை மரத்தின் வாடையும் மட்டும் அவள் கூடவே வந்தன. வண்டியைக் காணோம்.

பாவி. தூக்கி வளர்த்தவளையே ஏமாத்திட்டான்.

நினைத்ததுமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். பொய்யாக இருக்கக் கூடாது. வண்டி இருந்தே ஆகணும். இருந்தால்தான் ராதிகா பிழைப்பாள். அதையே முணுமுணுத்தபடி, ரோட்டுக்குக் குறுக்கே கிடந்த அடுத்த மரத்திலும் ஏறினாள்.

அந்தாண்ட வண்டி நின்றது.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தம்பியைச் சந்தேகப்பட்டதற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஏறி, காலியாக இருந்த ஒரே சீட்டில் உட்கார்ந்தாள். உள்ளே ரப்பர் கருகிய நாற்றம். யாரும் திரும்பவில்லை. எல்லார் மடியிலும் துணி போர்த்திய ஏதோ ஒன்று இருந்தது.

"எப்பங்க கெளம்பும்?" என்று பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டாள்.

"ஒன்ன யாரு அனுப்புனாங்க?"

"எந்தம்பி."

"என்ன எங்க வூட்டுக்காரரு," என்றாள் அவள், முன்சீட்டைப் பார்த்தபடியே. "இதோ, இது தலையில கைய வெச்சுதான் சொன்னாரு."

கொளஞ்சியம்மாள் ஜன்னலுக்கு வெளியே குனிந்து பார்த்தாள். டயர் இல்லை. எரிந்த இரும்பு வளையங்கள் தாரில் புதைந்திருந்தன. முன்னால் ஒரு மரம். பின்னால் ஒரு மரம்.

இறங்கிவிடலாம். இறங்கினால்? இது வண்டியே இல்லை என்றாகிவிடும். சத்தியம் பொய்யாகிவிடும்.

உட்கார்ந்தே இருந்தாள்.

குழந்தையின் தலையைத் தடவினாள். உச்சந்தலை ஜில்லென்றிருந்தது. தம்பி கை வைத்த இடம். அந்தக் கை அளவுக்கு மட்டும். பிறகு நெற்றி. பிறகு கழுத்து.

"காய்ச்சல் கம்மியாயிடுச்சா?" என்றாள் பக்கத்துப் பெண். "இங்க ஏறுனா எல்லாப் புள்ளைக்கும் வுட்டுடும்."

பின்னால் விசில் ஒலித்தது. இரண்டு முறை.

எல்லோரும் ஒரே நேரத்தில் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தார்கள். வண்டி அசையவில்லை. பிடித்த கை எதுவும் இறங்கவில்லை. கொளஞ்சியம்மாளும் பிள்ளையை ஒரு கையால் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, மறு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.