வலிதான் சாட்சி!

"ஐயோ... பொணம்!"

திருப்புலிவனம் ரோட்டோர ரைஸ்மில் குடோனுக்குள்ளிருந்து அந்த அலறல் வந்தது. அலறியவள் பெருக்கப் போன செங்கேணி.

வெளியே மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டிருந்த அவள் புருசன் முனியன் எழுந்து ஓடவில்லை. கோணி ஊசி விரலில் ஏறியதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

அவனுக்குத்தான் தெரியுமே... அந்த ஆளை அங்கே போட்டது யாரென்று!

காலையில் எவனையாவது ஏற்றி முதலாளியை இறக்கிவிடலாம் என்றுதான் வந்திருந்தான். அதற்குள் ஆள் செத்துப்போவார் என்று அவன் நினைக்கவேயில்லை.

கூரையைத் தொடும் அளவுக்கு அடுக்கிய நெல் மூட்டை அட்டி. அதன் உச்சியில் தார்ப்பாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டு இரண்டு பாதங்கள்.

மில் முதலாளி வெங்கடேசன்!

முகத்தைப் பார்க்க வேண்டியதேயில்லை. வெடிப்பில்லாத குதிகால் அந்த மில்லில் அவர் ஒருவருக்குத்தான்.

உத்திரமேரூரிலிருந்து ஜீப் பறந்து வந்தது. எஸ்.ஐ. தமிழ்ச்செல்வி குதித்து இறங்கினாள்.

"ஏறிப் பாத்தீங்களா?"

முன்பே வந்து நின்ற ஹெட் கான்ஸ்டபிள் வேதகிரி தலையைச் சொறிந்தார். "அட்டி சாஞ்சு கீது மேடம். ஏறுற பலகையும் ஒடஞ்சு கீது. ஏறினா நாமளும் பொணம்தான். கீய நின்னுக்கினே மூணு தபா கூப்ட்டேன். பதிலே இல்ல. செத்துட்டாரு."

"கூப்பிட்டுப் பதில் வரலன்னா செத்துட்டாரா?"

"இவரு விசயத்துல அப்டித்தான் மேடம். உசுரோட இருந்தா இன்னேரத்துக்கு என்ன திட்டியிருப்பாரு!"

"பயர் சர்வீஸுக்குச் சொல்லுங்க. ஏணியோட வரட்டும்." தமிழ்ச்செல்வி அண்ணாந்து பாதங்களை அளந்தாள். "தொண்ணூறு கிலோ உடம்பு... எவனோ முதுகுல சுமந்துட்டு ஏறியிருக்கான். நேத்து சாயந்திரம் கடைசியா இங்க இருந்தது யாரு?"

எல்லாத் தலைகளும் முனியன் பக்கம் திரும்பின.

செங்கேணி துடைப்பத்தோடு குறுக்கே பாய்ந்தாள்.

"இன்னாது... இந்தாளா? நல்லா கேட்டீங்களே மேடம்! இது தண்ணிக் கொடம் தூக்கி ஒரு வருசத்துக்கு மேல ஆவுது!"

"ஏன்?"

"மூட்ட தூக்கித் தூக்கி கொடலு எறங்கிப்போச்சு. ஆபரேசன் பண்ணி உள்ள வல வச்சு தச்சாங்க. புண்ணு ஆறிச்சு, வலி ஆறல. துணி பட்டாலே கரண்டு அடிக்குதாம். கைலிய எங்க கட்டிக்கினு கீதுன்னு பாருங்க!"

பார்த்தார்கள். ஏரியில் குளிக்கும் பொம்பளை மாதிரி மார்புக்கு மேலே கைலியை முடிந்துகொண்டு நின்றான் முனியன்.

வேதகிரி நம்பவில்லை. லத்தி நுனியால் முனியனின் வலது தொடை இடுக்கை லேசாக... பூப்போல... தொட்டார்.

"ஆஆஆ...!"

குடோன் புறாக்கள் மொத்தமும் கூரையை விட்டுப் பறந்தன.

"நெசமாத்தான் வலிக்குது மேடம்!" என்றார் வேதகிரி. நேற்றுவரை முனியனை நடிகன் என்று கூப்பிட்டவர் அவர்தான்.

ஒரு வருசமாக எவனும் நம்பாத வலியை இன்றைக்கு ஊரே நம்பியது. அதுவும் ஒரு கொலைக் கேசில்!

"சரி, நீ போப்பா," என்றாள் தமிழ்ச்செல்வி.

தப்பித்தோம்! முனியன் காலை அகட்டி அகட்டி நடந்தான். நாலடிகூடப் போகவில்லை.

ட்ரிங்... ட்ரிங்!

சாக்கு மேல் கிடந்த அவன் செல்போன். எடுத்தது தமிழ்ச்செல்வி. ஸ்பீக்கரைப் போட்டாள்.

"முனியனா? பெரியாஸ்பத்திரி வலிப் பிரிவுலருந்து டாக்டர் பிரபா பேசறேன். நேத்து மதியம் நரம்புல மரத்துப்போற ஊசி போட்டேன்ல... வேலை செஞ்சுதா?"

தமிழ்ச்செல்வி போனை முனியன் பக்கம் நீட்டினாள்.

"யோசிச்சுச் சொல்லுங்க. தழும்புல மாட்டிக்கிட்ட அந்த நரம்புதான் குற்றவாளியான்னு கண்டுபிடிக்கிற ஊசி அது. கொஞ்ச நேரம் வலி நின்னுருந்தாலும் போதும், அந்த நரம்பைச் சூடு வச்சு அடக்கப் பாக்கலாம். நிக்கவே இல்லன்னா நரம்பு நிரபராதி. அப்புறம் என்கிட்ட வேற வைத்தியம் இல்ல."

"நைட்டு கேட்டதுக்கு வேலைக்கு ஆவலன்னியே?" செங்கேணி கிசுகிசுத்தாள். "அதையே சொல்லேன்யா!"

முனியன் கணக்குப் போட்டான்.

நிற்கவில்லை என்று சொன்னால் வீட்டுக்குப் போகலாம். வலியும் கூடவே வரும், சுடுகாடுவரைக்கும். நின்றது என்று சொன்னால் வலி போகும். அவனும் போவான்... ஜெயிலுக்கு!

எஸ்.ஐ.யின் கண் அவன் மேலேயே இருந்தது.

"ஹலோ... முனியன்?"

"பேய் மாதிரி வேல செஞ்சுதும்மா!" கத்தியே விட்டான். "பொழுது சாயற வரைக்கும் வலியே இல்ல! கைலிய இடுப்புல கட்டினேன்மா... இறுக்கிக் கட்டினேன்!"



"வெரிகுட்! வேற என்ன செஞ்சீங்க?"

"மொதலாளிய தூக்கினேன்."

"எவ்வளவு வெயிட்?"

"தொண்ணூறு கிலோ இருப்பாரு."

"அறிவிருக்கா? குடம்கூடத் தூக்காதீங்கன்னு சொல்லித்தானே அனுப்பினேன்!"

செங்கேணியின் கையிலிருந்து துடைப்பம் விழுந்தது.

"ஏன் தூக்கின?" தமிழ்ச்செல்வி விலங்கை எடுத்தாள்.

"குடிச்சிட்டு வந்து, நடிக்கிறியாடான்னு பேஜார் பண்ணாரு மேடம். அப்டியே தரையில சாஞ்சு தூங்கிட்டாரு. வெளிய கட்டில்ல போடலாம்னுதான் தூக்கினேன். முதுகுல பாரம் ஏறினா இந்தக் காலு சும்மா இருக்காது மேடம். தானா பலக மேல ஏறிடும். இத்தினி வருசப் பயக்கம். உச்சியில எறக்கி, தார்ப்பாய இயுத்து மூடினப்புறம்தான் தெரிஞ்சுது... இது மூட்ட இல்ல, மொதலாளின்னு!"

"திரும்ப எறக்க வேண்டியதுதானே?"

"எறக்கத்தான் குனிஞ்சேன். ஊசியோட வீரியம் அங்கதான் முடியணுமா? சுள்ளுனு அடிச்சுது பாருங்க கரண்டு... உருண்டேன். பலக ஒடஞ்சிது. தவந்துக்கினே வூடு போய்ச் சேந்தேன்."

க்ளிக்! விலங்கு விழுந்தது.

"முனியன், செவ்வாய்க்கிழமை வந்துடுங்க," என்றது போன். "நரம்புக்குச் சூடு வச்சுடலாம்."

"டாக்டர், செவ்வாய்க்கிழமை இவன் ஜெயில்ல இருப்பான்!"

"அங்கருந்து கூட்டிட்டு வாங்க மேடம். தேதியை எல்லாம் மாத்த முடியாது." போன் கட்டானது.

வெளியே மணியடித்தபடி தீயணைப்பு வண்டி வந்து நின்றது. ஏணி நீண்டது. ஒரு வீரர் விறுவிறுவென்று ஏறித் தார்ப்பாயை விலக்கினார்.

"மேடம்...!"

"செத்து எவ்வளவு நேரம் இருக்கும்?"

"தெரியல மேடம். பொணம் கொட்டாவி விடுது!"

வெங்கடேசன் எழுந்து உட்கார்ந்தார். கூரை தலையில் இடித்தது. கீழே காக்கி, சிவப்பு வண்டி, கூட்டம்!

"எவன்டா என்ன இங்க போட்டது?"

"பேசறாரு... திட்றாரு... உசுரோட கீறாரு மேடம்!" வேதகிரி துள்ளினார்.

இறக்கினார்கள். நடந்ததைக் கேட்ட வெங்கடேசன் அட்டியைப் பார்த்தார். முனியனைப் பார்த்தார். மறுபடி அட்டியைப் பார்த்தார்.

"ஒரு கம்ப்ளைண்ட் எழுதிக் குடுங்க சார்," என்றாள் தமிழ்ச்செல்வி. "உள்ள தள்ளிடறேன்."

"கம்ப்ளைண்டா? இன்னா மேடம் நீங்க!" வெங்கடேசனின் முகம் மலர்ந்தது. "என்னையே ஒண்டியா சுமந்துக்கினு அந்த உச்சிக்குப் போயிருக்கான்! இவனப் போய் மூட்ட தைக்க உக்கார வச்சிட்டேனே! டேய் முனியா, வாசல்ல ரெண்டு லாரி நெல்லு நிக்குது. கைலிய எறக்கிக் கட்டிக்கினு வாடா!"

"மொதலாளி... அது ஊசி போட்டதாலங்க..."

"ஊசியாவது, கோணியாவது! எவ்ளோ நாளுடா ஏமாத்துவ? மேடம், அந்த விலங்க அவுத்துவுடுங்க!"

தமிழ்ச்செல்வி சாவியை எடுத்தாள்.

முனியன் வாசலைப் பார்த்தான். இரண்டு லாரி. தார்ப்பாய் பிதுங்க மூட்டைகள்.

அடுத்த நொடி அவன் கால் அகன்றது. விலங்குக் கையோடு தத்தித் தத்தி ஓடி, போலீஸ் ஜீப்பின் பின்சீட்டில் விழுந்தான்.

"மேடம்! நான்தான் இவர கொன்னேன்! சத்தியமா கொன்னேன்! வண்டிய எடுங்க!"

"கண்ணு முன்னாடி உயிரோட நிக்கிறாரேய்யா!"

"செவ்வாக்கெயம வரைக்கும் செத்தவராவே வச்சுக்குங்க மேடம்... நரம்புக்குச் சூடு வச்சப்புறம் அவரு பொறுமையா பொயச்சு வரட்டும்!"