கடலிலும் எடுக்கும்

திருவொற்றியூர் கடற்கரைக் குப்பத்தில் உதயாவின் வீட்டைக் கண்டுபிடிக்க பாலகணேஷுக்குச் சிரமம் இருக்கவில்லை. துக்கத்துக்குக் கட்டிய நீலத் தார்ப்பாய் இன்னும் அவிழ்க்கப்படவில்லை. அதன் கீழே நாற்காலிகள் இருந்தன. ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை.

அவர் பையில் ஒரு புது எம்பித்ரீ பிளேயர் இருந்தது. உதயாவுக்கு அவர் விற்றதைப் போலவே தோற்றம், அதே கறுப்பு நிறம். ஒரு வித்தியாசம்தான். இதில் ரேடியோ உண்டு.

வண்ணாரப்பேட்டையில் அவர் செய்யும் வியாபாரத்தில் பெட்டி தனியாக வரும், உள்ளே வைக்கும் பீஸ் தனியாக வரும். எல்லா ரகத்தின் பெட்டியிலும் ஒரே அச்சு. எட்டு ஜிபி மெமரி, இருபது மணி நேரம் சார்ஜ், தண்ணீர் புகாது, எஃப்எம் ரேடியோ. மலிவு ரகத்தின் திரையிலும் ரேடியோ என்ற எழுத்து தோன்றும். அலைவரிசையைப் பிடிக்கும் மின்னணுச் சில்லுதான் உள்ளே இருக்காது. உதயா கடையிலேயே போட்டுப் பார்த்து, ஒன்றும் வரவில்லை என்றான். "இங்க சுத்தியும் கட்டடம், எடுக்காது. கடல்ல தொறந்த வெளி. எவ்வளவு தூரம் போனாலும் எடுக்கும்" என்று பாலகணேஷ் சொன்னார். மீன்பிடிக்கப் போனபோது போனை உப்புத்தண்ணீரில் போட்டுத் தொலைத்திருந்தவன், கடலில் வானிலை கேட்கலாம் என்று நம்பி வாங்கிப் போனான்.

பிறகு ஒரு நாள் அவன் கடலில் இருந்தபோது புயல்காற்று வந்தது. அவனோடு போயிருந்த பையன், அதே குப்பத்துப் பொன்னுரங்கத்தின் மகன், பிணமாகக் கரை ஒதுங்கினான். காட்டுப்பள்ளிப் பக்கம் படகு கவிழ்ந்து கிடந்தது. உதயா கிடைக்கவில்லை.

"வா அண்ணாச்சி, குந்து" என்றாள் உதயாவின் தாய் பவுனம்மாள். பாலித்தீன் உறையில் சுற்றிய பிளேயரை மடியிலிருந்து எடுத்து நீட்டினாள். "படகு கம்பத்துல கட்டி வெச்சிருந்தான். அவன் வர்ல. இது வந்துகீது."

உறைக்குள் உப்பு பூத்திருந்தது. அழுகிய பாசியின் வாடை அடித்தது.

உதயாவின் மனைவி கீர்த்தி சுவரில் சாய்ந்திருந்தாள். "ரேடியோ வெச்சிகினு இருந்தவன், காத்து வர்றது தெரிஞ்சேதான் எம்புள்ளய இட்டுகினு போனான்னு பொன்னுரங்கம் மாமா குப்பம் பூரா சொல்லிட்டாரு. தண்ணி லாரி வந்தா எங்க கொடத்த மட்டும் தள்ளி வெக்கிறாங்க."

"அவன் அப்படியாப்பட்ட ஆளு இல்ல" என்றாள் பவுனம்மாள். "நீ பாத்து சொல்லு. இது அன்னிக்கு பேசிச்சா, பேசலியா? கடைக்காரரு நீ சொன்னா நாலு பேரு கேப்பாங்க."

யாராவது பிரித்துப் பார்ப்பதற்குள் மாற்றிவிட வேண்டும் என்றுதான் அவர் வந்திருந்தார். பொத்தானை அழுத்தினார். திரை எரியவில்லை.

"அதுல ஒண்ணும் தெரியாது. இயர்போன காதுல வெச்சா இரையுது" என்றாள் கீர்த்தி.

வைத்தார்.

இரைச்சல். அலையின் இரைச்சல் இல்லை. ரேடியோவில் நிலையம் தேடும்போது வருகிற இரைச்சல்.

அதற்கான சில்லு அந்தப் பொருளுக்குள் இல்லை.

இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல் தெளிந்தது. உற்சாகமான, வாடிக்கையாளரை வளைக்கிற குரல். 'எட்டு ஜிபி மெமரி. இருபது மணி நேரம் நிக்கும். கடல்ல எவ்வளவு தூரம் போனாலும் எடுக்கும்.'

அவருடைய குரல்.

மைக்கும் அதில் கிடையாது.

பின்னால் காற்று ஊளையிட்டது. யாரோ பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தும் சத்தம். மூச்சு வாங்க உதயாவின் குரல் சொன்னது: 'இன்னும் கொஞ்ச தூரம் போய் பாக்கலாண்டா. அங்க எடுக்கும்.'

பாலகணேஷ் இயர்போனைப் பிடுங்கினார். காது ஈரமாக இருந்தது.

"இன்னா கேட்டுச்சு?" என்றாள் கீர்த்தி.

"ஒண்ணுமில்லம்மா. உப்பு ஏறியிருக்கு. மேல் மூடிய மாத்தித் தாறேன்."

அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பைக்குள் கைவிட்டார். திரும்பியபோது கையில் புதியது இருந்தது. பழையது சட்டைப்பைக்குள், நெஞ்சோடு ஒட்டிச் சில்லிட்டது.

கடைக்காரர் வந்திருக்கும் செய்தி பரவி, பொன்னுரங்கம் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "குடு பாப்போம்" என்று கையை நீட்டினார். அவரே பொத்தானை அழுத்தினார். ஒரு பெண் குரல் தெளிவாக வானிலை வாசித்தது.

குப்பத்து ஆட்கள் நாலைந்து பேர் அவருக்குப் பின்னால் வந்திருந்தார்கள்.

"அண்ணாச்சி சரக்காச்சே, பேசாம இருக்குமா?" என்றார் பொன்னுரங்கம். "அப்போ கேட்டுகினேதான் போயிருக்கான், பவுனு."

பவுனம்மாள் பாலகணேஷைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அவன் வாங்கியதில் ரேடியோவே இல்லை என்ற ஒரு வார்த்தை போதும். அதைச் சொல்லாமல் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

கீர்த்தி முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த ரயிலில் ஏறி வாசலருகே நின்றார். பழைய பிளேயரைத் தண்டவாளத்தில் எறிந்தார். கடை வந்து சேரும்வரை எதிரே வந்தவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் எண்ணூரிலிருந்து ஒருவர் வந்தார். கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருந்த சீல் பிரிக்காத பிளேயர்களில் ஒன்றைக் காட்டினார். "ரேடியோ கீதா?"

பாலகணேஷ் வாயைத் திறந்தார். சொல்லிப் பழகிய பதில் வரவில்லை. "இல்ல. பெட்டியில போட்டிருக்கது பொய். வாங்காதீங்க."

சொல்லி முடித்ததும் உடம்பு லேசானது போலிருந்தது. வந்தவர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

அப்போது கண்ணாடியின் உள்பக்கம் நீர் கோத்தது. பாசி வாடை எழுந்தது. சார்ஜ் ஏற்றாத, உறை பிரிக்காத பெட்டிகள் ஒவ்வொன்றாக இரையத் தொடங்கின.

இரைச்சலுக்கு அடியிலிருந்து, கோபமே இல்லாத உதயாவின் குரல் வந்தது.

"இங்க சொல்லி இன்னா அண்ணாச்சி? எங்க வூட்ல வந்து சொல்லு."