கீழே காத்திருப்பவர்

எங்கள் ஊர் பிஸ்கட்டவேயிலிருந்து இருபது நிமிட கார் டிரைவில் இருந்தது அந்த மூன்று மாடி வீடு. ஆயிரத்து எண்ணூற்று எண்பதுகளில் ஒரு சர்ஜன் பன்னிரண்டு படுக்கை போட்டு நடத்திய தனியார் அறுவை சிகிச்சை மருத்துவமனை. இப்போது உள்ளூர் வரலாற்றுச் சங்கத்திடம் இருக்கிறது. பழைய பதிவேடுகளை ஸ்கேன் செய்ய ஆள் வேண்டும் என்றார், அங்கே வாலன்டியராக இருக்கும் ஜெயபிரகாஷ் அங்கிள். வேறு வேலையில்லாத சனிக்கிழமை, போனேன். விவாகரத்துக்குப் பிறகு என் சனிக்கிழமைகள் எல்லாமே அப்படித்தான்.

சாவியைக் கொடுத்துக்கொண்டே அங்கிள் கேட்டார். "ஹம்சா, வெள்ளிக்கிழமைதானே உனக்கு கால்பிளாடர் சர்ஜரி? யாரும்மா பிக்கப் பண்றாங்க?"

"பார்க்கணும் அங்கிள்."

"ஆள் இல்லேன்னா கேன்சல் பண்ணிடுவாங்க. மயக்க மருந்து குடுத்துட்டு தனியா அனுப்ப மாட்டாங்க. நான் வேற டெக்சாஸ்ல இருப்பேன், பேத்தி பர்த்டே..."

"நீங்க நல்லபடியா போயிட்டு வாங்க. எனக்கென்ன, நூறு பேர் இருக்காங்க."

நூறு பேர் வாட்ஸாப் குழுவில் இருந்தார்கள். இரண்டு பேரைக் கேட்டும் பார்த்தேன். ஒருத்திக்கு டேகேர், இன்னொருத்திக்கு ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ். மூன்றாவது ஆளைக் கேட்க வாய் வரவில்லை. இதே காரணத்தால் ஏற்கெனவே ஒருமுறை தேதி தள்ளிப்போயிருந்தது. இனித் தள்ளினால் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் பித்தப்பை வலியைவிட, மருத்துவமனை ஃபாரத்தில் 'அழைத்துச் செல்பவர்' என்று காலியாகக் கிடந்த அந்த ஒரு கட்டம்தான் என்னை அழவைத்தது.

பதிவேடுகள் மூன்றாம் மாடியில், நாலாம் அறையில் இருந்தன. ஒரு மேஜை, ஓர் இரும்புக் கட்டில், தூசி படிந்த ஜன்னல். சுவரில் ஈர வாசனை. அதற்கும் அடியில் இன்னொன்று, தித்திப்பாகத் தொண்டையில் ஒட்டியது. அந்தக் கால மயக்க மருந்து ஈதர் அப்படித்தான் இருக்கும் என்று அங்கிள் சொல்லியிருந்தார்.

பதிவேட்டில் ஆளுக்கு ஒரு வரிசை: பெயர், நோய், அறுவை நாள், கடைசிக் கட்டத்தில் 'கீழே காத்திருப்பவர்'. அந்தப் பெயர் எழுதப்படாமல் சர்ஜன் கத்தியைத் தொடமாட்டாராம். 1887இல் எலைசா என்ற பெண்ணின் பெயர் பதினொரு நாள் தொடர்ந்து வந்தது. அறை எண் நான்கு. ஒவ்வொரு நாளும் கடைசிக் கட்டம் காலி. 'ஒத்திவைப்பு.' பன்னிரண்டாம் நாள், 'மரணம்'.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் வெயிட் பண்றேன்டி உனக்கு" என்று சத்தமாகவே சொன்னேன்.

கட்டில் கிறீச்சிட்டது.

நான் அதைத் தொடவில்லை.

ஸ்கேன் செய்தவரை போதும் என்று லேப்டாப்பை அள்ளிக்கொண்டு எழுந்தேன். பயந்தால் மட்டும் பழக்கம் போய்விடுமா? எந்த வீட்டிலும் 'போகிறேன்' என்று சொல்லிக் கிளம்பியதில்லை. வாசலில் திரும்பி, "போயிட்டு வர்றேன்" என்று சொல்லித் தொலைத்தேன்.

படியிறங்கும்போது, மேலே யாரோ கட்டிலிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டது.

வீட்டுக்கு வந்து ஸ்கேனைத் திறந்தேன். எலைசாவின் பதினோராம் நாள் வரிசையில், காலியாக இருந்த கடைசிக் கட்டத்தில், பழுப்பு மையில் என் பெயர்.

வெள்ளிக்கிழமை, திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும் என்று என் காலிக் கட்டத்தோடேயே மருத்துவமனைக்குப் போனேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. உடை மாற்றி, கையில் ஊசி ஏற்றி, படுக்கவைத்தார்கள். நர்ஸ் மரகதம், கோயம்புத்தூர்க்காரி, தலையணையைச் சரிசெய்தாள்.

"கவலப்படாதீங்க. உங்க ஃப்ரெண்ட் அப்பவே வந்து கீழ உக்காந்துட்டாங்க. ஃபாரமும் அவங்களே ஃபில் பண்ணிட்டாங்க."

"யாரு?"

"எலைசான்னு ஒரு வெள்ளக்காரம்மா." காகிதத்தைப் பார்த்துப் படித்தாள். "உங்கள கூட்டிட்டுப் போற இடம், மூணாவது மாடி, நாலாம் நம்பர் ரூம். திரும்பி வர்றேன்னு நீங்களே சொன்னீங்களாமே?"

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மாஸ்க் வந்து மூடிவிட்டது. அதே தித்திப்பு.

"பத்துல இருந்து தலைகீழா எண்ணுங்க."

பத்து.

ஒன்பது.

சில்லென்ற விரல்கள் என் கையைப் பற்றின. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு கணம் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

எட்டை எண்ணியது நான் இல்லை.