இரண்டாவது கொம்பு

இரண்டாவது கொம்புச் சத்தம் கேட்டபோது சொரிமுத்து இன்னும் செண்பக அருவிக்கரையில்தான் நின்றுகொண்டிருந்தான். அது நடக்கக்கூடாத காரியம்.

முதல் கொம்பு என்றால், குளிக்க வந்தவர்கள் எல்லோரும் ஓடையைத் தாண்டி இறங்கிவிட்டார்கள், நீயும் கிளம்பு என்று பொருள். இரண்டாவது கொம்பு என்றால், சொரிமுத்துவும் இறங்கியாயிற்று, பலகைப் பாலத்தை அக்கரைக்கு இழுத்தாயிற்று, மலையில் மனுஷவாடையே இல்லை என்று பொருள்.

எண்ணெயும் சீயக்காயும் கொட்டிக் கொட்டிப் பாறையில் பாசிகூட முளைக்க மறுத்த வருஷம் அது, 1936. சாரல் காலம் முடியும் வரை எத்தனை பேர் ஏறுகிறார்கள், எத்தனை அடுப்பு மூட்டுகிறார்கள், எத்தனை கன்றை ஒடிக்கிறார்கள் என்று எண்ணச் சொல்லியிருந்தார் ரேஞ்சர். மேலே அடுப்பும் கன்றும் எண்ணுவது ஃபாரஸ்ட் கார்டு சொரிமுத்து. கீழே, ஓடைப் பலகையில் ஒவ்வொருவராய்த் தாண்டும்போது தலை எண்ணுவதும் கொம்பு ஊதுவதும் மூத்த கார்டு மாடக்கண்ணு. "நீ வராம பலகையில கை வைக்க மாட்டேம்லே" என்று தினமும் சொல்லித்தான் அனுப்புவார். நாலு வருஷம் ஒரே சட்டியில் சோறு தின்ற மனுஷர். அவர் சொல்லை நம்பாமல் வேறு யார் சொல்லை நம்புவது?

அண்ணாச்சி தவறுதலாய் ஊதியிருப்பார் என்று தேற்றிக்கொண்டு இறங்கினான். வீட்டில் மனைவி வடிவம்மாளுக்கு இது ஒன்பதாம் மாதம், இன்றோ நாளையோ என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். மேகம் மரங்களுக்கிடையே இறங்கி, பத்தடிக்கு அப்பால் பாதையே இல்லாமல் போக, அருவியின் இரைச்சல் முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல் கூடவே வர, ஆளில்லாத அந்தக் காட்டில் யாரோ அப்போதுதான் தேய்த்ததுபோல் நல்லெண்ணெய் வாடை குப்பென்று அடிக்க, அவன் இடது பக்கம் சாய்ந்த தன் நடையை எட்டிப் போட்டான்.

பாறையில் எண்ணெய்க் கால்தடங்கள். கீழ்நோக்கி.

ஒன்றின்மேல் தன் காலை வைத்துப் பார்த்தான். அச்சாகப் பொருந்தியது. சுண்டுவிரல் மடிந்திருந்தது. அவனுக்கும் அப்படித்தான்.

ஓடினான்.

ஓடையில் வெள்ளம் சுழித்துக்கொண்டிருந்தது. பலகை அக்கரையில் கிடந்தது. பக்கத்தில் மாடக்கண்ணு குத்தவைத்திருந்தார்.

"அண்ணாச்சி! பலகையப் போடுங்க! நான் இங்கன நிக்கேன்லா!"

அவர் நிமிரவில்லை. "எண்ணிக்கை சரியாப் போச்சுலே. நாப்பத்தோரு பேரு. ஒன்னோட நாப்பத்திரெண்டு. எல்லாரும் இறங்கியாச்சு."

"நான் இறங்கலியே!"

"போன ஆடியில, எண்ணெ தேச்சுக் குளிச்சிட்டிருந்த ஒருத்தன மேல விட்டுட்டுப் பலகைய இழுத்துட்டேன். எல்லாரும் இறங்கியாச்சுன்னு ரேஞ்சர்ட்ட பொய் சொன்னேன். என்னய நம்பி நீயும் சத்தியம் பண்ணுன. அன்னையில இருந்து தெனமும் செத்தவன் அந்தக் கரையில வந்து நிக்கான். என் எடத்துல ஒரு ஆள நிறுத்து, இல்லன்னா நீ வான்னு சொல்லுதான். எனக்கும் புள்ளகுட்டி இருக்குல்லா."

"எனக்கு இல்லியா அண்ணாச்சி?"

"இருக்கு. ஒன் வீட்ட அவனே பாத்துக்கிடுதேன்னான்."

சொரிமுத்துவுக்குப் பயம்கூட அப்புறம்தான் வந்தது. கூடவே இருந்து குழி பறித்துவிட்டாரே என்ற வேதனைதான் முதலில் வந்தது.

மாடக்கண்ணு எழுந்தார். ஊரைப் பார்த்து நடந்தார். அக்கரை மேகத்துக்குள்ளிருந்து இன்னொருவன் வந்து அவரோடு சேர்ந்துகொண்டான். காக்கிச் சட்டை. இடது பக்கம் சாய்ந்த நடை.

சொரிமுத்து கத்தினான்.

அது திரும்பியது. அவனுடைய முகம். அவனுடைய மீசை. மூக்கு நுனியிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

"வடிவு தேடுவா அண்ணாச்சி. வெரசா வாங்க" என்றது, அவன் குரலிலேயே.